காலைக் காட்டுமுன்: இங்கிலாந்தின் பொடியாட்ரி சேவை பற்றிப் புதியவர்களுக்கு

இங்கே சீனி வருத்தக்காரர் இல்லாத தமிழ் வீடு குறைவு. குளிசை போடுகிறோம், விரலில் குத்திச் சீனி பார்க்கிறோம், கண் பரிசோதனைக்குக் கடிதம் வந்தால் போய்வருகிறோம். கால் மட்டும் சப்பாத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆணி வலித்தால் பிளேட்டால் சீவுவது, நகம் தடித்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு வெட்டச் சொல்வது, அதுவும் சரிவராவிட்டால் ஹை ஸ்ட்ரீட்டில் 'ஃபூட் கிளினிக்' என்று போர்ட் போட்ட ஏதோ ஒரு கடைக்குள் நுழைவது. இதுதான் நம் வழக்கம்.

இந்த நாட்டில் கால் பார்ப்பது பட்டம் படித்துச் செய்கிற தொழில், அதற்குப் பொடியாட்ரி என்று பெயர். பதிவேடு, சம்பளப் படிநிலை, முறைப்பாட்டு வழி எல்லாம் அதற்கு உண்டு. அந்த அமைப்பு எப்படி ஓடுகிறதென்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். கீழே சொல்லும் சேவை ஒழுங்குகள் இங்கிலாந்துக்கு உரியவை. தொழிற்பதிவு முழுப் பிரித்தானியாவுக்கும் ஒன்றுதான்.

1. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

பொடியாட்ரிஸ்ட், கிரொபொடிஸ்ட் ஆகிய இரண்டும் சட்டம் காக்கும் பட்டங்கள். எச்.சி.பி.சி. என்ற சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையில் பதிந்தவர் மட்டுமே அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒரே தொழில்தான், ஒன்று உசத்தி மற்றது தாழ்த்தி என்றில்லை. பதியாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்துவது குற்றம். இது ஒன்றும் பழைய காலத்துச் சட்டம் அல்ல. முன்பு அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்யத்தான் பதிவு கட்டாயம். தனியாரில் எவரும் கிரொபொடிஸ்ட் என்று போர்ட் மாட்டலாம். 2005 ஜூலையோடுதான் அந்த வாசல் முழுதாக அடைபட்டது.

ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டும். நகம் வெட்டுவதையும் ஆணி சீவுவதையும் தடிப்பு உரசுவதையும் யாரும் செய்யலாம், அதற்குப் பதிவு தேவையில்லை. அதனால்தான் 'ஃபூட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்ற பெயர் எங்கும் தென்படுகிறது. அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது. அவர்களில் கவனமாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, சிலர் தாமாகவே ஏதாவதொரு விருப்பப் பதிவேட்டில் சேர்ந்தும் இருப்பார்கள். ஆனால் அவர்களின் படிப்பு எவ்வளவு காலம், நோயாளிகளோடு எவ்வளவு பழக்கம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பிழை நடந்தால் தொழிலிலிருந்து நீக்குகிற அரச அதிகாரம் கொண்ட அமைப்பும் அவர்களுக்கு மேல் இல்லை. குனிய முடியாத, மற்றபடி சுகமாக இருக்கிற ஒரு பெரியவருக்கு நகம் வெட்ட இப்படி ஒருவர் போதும். சீனி வருத்தமோ, காலில் இரத்த ஓட்டக் குறைவோ, விறைப்போ (தொட்டால் தெரியாத மரப்பு) இருந்தால் என் கருத்தில் போதாது. பத்து பவுண் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

2. பதிவை நீங்களே பாருங்கள்

இதற்கு இரண்டு நிமிடம் போதும். எச்.சி.பி.சி. இணையத்தளத்தில் பதிவேட்டைத் தேடும் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தொழில் பட்டியலில் கிரொபொடிஸ்ட் / பொடியாட்ரிஸ்ட் என்பதைத் தெரிவு செய்து, ஆளின் குடும்பப் பெயரைப் போடுங்கள். பதிவிலக்கம் தெரிந்தால் இன்னும் சுலபம். இந்தத் தொழிலுக்கு அது 'சி, எச்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்.

பெயர் வந்ததோடு பக்கத்தை மூடிவிடாதீர்கள். பதிவு இன்னும் செல்லுமா என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொடியாட்ரிஸ்டுகளுக்கு அது இரட்டைப்படை ஆண்டுகளின் ஜூலை மாத முடிவு. வேலையில் கட்டுப்பாடு ஏதும் விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். கூடுதல் தகுதிகளும் பெயருக்கு எதிரே இருக்கும். உணர்விழக்கச் செய்யும் ஊசி போட அனுமதி உண்டா, மருந்துச்சீட்டு எழுதலாமா, பாத அறுவைச் சிகிச்சைத் தகுதி உண்டா என்பவை அவை. 2013இலிருந்து உரிய மேற்படிப்பு முடித்த பொடியாட்ரிஸ்ட் வைத்தியரின் கையெழுத்து இல்லாமலே மருந்து எழுதலாம். 'பொடியாட்ரிக் சேர்ஜன்' என்பவர் பாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப் பயின்ற பொடியாட்ரிஸ்ட், மருத்துவப் பட்டம் பெற்ற எலும்பு வைத்தியர் அல்லர். எலும்பு வெட்டும் அளவுக்குப் பேச்சுப் போனால் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

இன்னொரு குழப்பம்: சிலரின் பெயருக்குப் பின்னால் ரோயல் கொலிஜ் ஒவ் பொடியாட்ரியின் எழுத்துகள் இருக்கும். 2021இல் 'ரோயல்' பட்டம் பெற்ற அந்த அமைப்பு தொழிலாளரின் சங்கம், தொழில்முறைக் கழகம். உங்களுக்காகக் காவல் இருப்பது எச்.சி.பி.சி.தான். என்.எச்.எஸ். நிறுவனங்களைச் சோதிக்கும் சி.கியூ.சி. வேறு, அது இடத்தைப் பார்க்கும், எச்.சி.பி.சி. ஆளைப் பார்க்கும்.

3. உங்கள் காலுக்கு என்ன 'றிஸ்க்' என்று கேளுங்கள்

என்.எச்.எஸ். பொடியாட்ரி எல்லோருக்கும் நகம் வெட்டித் தராது. வயது எண்பது, குனிய முடியவில்லை என்பது மட்டும் காரணமென்றால் பெரும்பாலான இடங்களில் மறுத்துவிடுவார்கள். பல ஊர்களில் ஏஜ் யூ.கே. என்ற முதியோர் தொண்டு அமைப்பின் கிளைகள் சிறு கட்டணத்துக்கு நகம் வெட்டும் சேவை நடத்துகின்றன, அங்கே கேளுங்கள். இருக்கிற சில பொடியாட்ரிஸ்டுகளை, காலை இழக்கும் ஆபத்து உள்ளவர்களுக்காக என்.எச்.எஸ். ஒதுக்கி வைத்திருக்கிறது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்குப் புரிந்தால் உங்கள் இடத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

நீரிழிவுக்காரருக்கான கணக்கை, சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகப் போட்டிருக்கிறது. உணர்வும் நாடித்துடிப்பும் சரி, பாதத்தின் வடிவும் சரி என்றால் குறைந்த ஆபத்து, ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) நிலையத்தில் வருடாந்தப் பரிசோதனை போதும். விறைப்பு, இரத்த ஓட்டக் குறைவு, விரல் வளைவு போன்ற வடிவக்கேடு, இவற்றில் ஒன்று இருந்தால் நடுத்தர ஆபத்து. முன்பு புண் வந்திருந்தாலோ, விரலோ காலோ எடுத்திருந்தாலோ, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாலோ உயர் ஆபத்து. விறைப்போடு இரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்றோடு தடிப்போ வடிவக்கேடோ கூடினாலும் அப்படித்தான்.

நடுத்தரமும் உயர்வும் 'ஃபூட் புரொட்டெக்ஷன் சேர்விஸ்' என்ற பாதப் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்பப்பட வேண்டும். நீரிழிவுப் பாதத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற பொடியாட்ரிஸ்ட் அதை நடத்த வேண்டும் என்பதும் வழிகாட்டியில் உண்டு. உயர் ஆபத்தென்றால் 2 முதல் 4 கிழமைக்குள், நடுத்தரமென்றால் 6 முதல் 8 கிழமைக்குள் முதல் சந்திப்பு. பிறகு உயர் ஆபத்துக்காரரை 1-2 மாதத்துக்கு ஒருமுறை, உடனடிக் கவலை ஏதும் இருந்தால் 1-2 கிழமைக்கு ஒருமுறை. நடுத்தரக்காரரை 3-6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நடைமுறையில் இழுபடும் இடங்கள் உண்டு. அப்போது 'நைஸ் வழிகாட்டிப்படி எனக்கு எத்தனை கிழமை?' என்று போனில் கேளுங்கள்.

4. வருடாந்தப் பரிசோதனையை ஏனோதானோவென்று விடாதீர்கள்

ஜீ.பி. நிலையத்தில் தாதியோ உதவியாளரோ இதைச் செய்வார். காலுறையைக் கழற்றச் சொல்லாமல் 'கால் எப்படி, பிரச்சினை இல்லையே?' என்று கேட்டு டிக் போட்டால் அது பரிசோதனை அல்ல. நீங்களே கழற்றுங்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தால் சொல்ல வேண்டும். மேற்பாதத்திலும் கணுக்காலின் உட்பக்கத்துக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள். விரல் இடுக்கு, குதி, நகம் எல்லாம் பார்க்க வேண்டும். முடிவில் உங்கள் ஆபத்து நிலை என்னவென்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் எழுதி வாங்குங்கள்.

நம் பெரியவர்கள் இந்த நைலோன் இழைச் சோதனையில் ஒரு வேலை செய்வார்கள். தெரியாவிட்டாலும் 'ஓம், ஓம்' என்பார்கள். பரீட்சையில் தோற்கக் கூடாதென்ற எண்ணம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால்தான் சேவை கிடைக்கும் என்று போகுமுன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

வீட்டிலும் பார்க்கலாம். அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அமத்தவோ தட்டவோ கூடாது, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தடவைதான். வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கலாம், ஜீ.பி.க்கு அறிவியுங்கள். இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் உருவான இந்தச் சோதனையை டயபெட்டீஸ் யூ.கே. என்ற நீரிழிவுத் தொண்டு அமைப்பு வீடுகளுக்கென்று பரப்பிவருகிறது.

5. சேவைக்குள் போகும் வழி

ஜீ.பி., தாதி, ஆஸ்பத்திரி நீரிழிவுக் குழு என யாரும் அனுப்பலாம். பல ஊர்களில் நீங்களே படிவம் நிரப்பிச் சேரலாம். உங்கள் வட்டாரப் பெயரோடு 'என்.எச்.எஸ். பொடியாட்ரி, செல்ஃப் றிஃபரல்' என்று தேடுங்கள். படிவத்தில் 'கால் வலி' என்று மட்டும் எழுதினால் அடியில் போய்விடும். நீரிழிவு எத்தனை வருடம், விறைப்பு உண்டா, முன்பு புண் வந்ததா, இரத்தம் ஐதாக்கும் குளிசை எடுக்கிறாரா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று விவரமாக எழுதுங்கள். படிவத்தைத் தரம் பிரிப்பவர் அதைத்தான் தேடுவார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பதியும்போதே சொல்லிவிடுங்கள், அது இலவசம். பன்னிரண்டு வயதுப் பேத்தியை வைத்து அம்மப்பாவின் வருத்தத்தைச் சொல்ல வைப்பதை இங்கே யாரும் விரும்புவதில்லை. அவளும் விரும்பமாட்டாள்.

6. கிழமைக் கணக்குப் பார்க்கக் கூடாத நேரங்கள்

நீரிழிவுக்காரரின் காலில் புதிதாக ஒரு புண், கொப்புளம், சீழ், நிறமாற்றம். அல்லது ஒரு பாதம் மட்டும் காரணமில்லாமல் சூடாகி, வீங்கி, சிவந்திருப்பது. வலி இல்லை என்பதை வைத்து ஆறுதல்பட வேண்டாம். விறைத்த காலில் எலும்பே நொறுங்கினாலும் வலிக்காமல் போகலாம். அப்படிச் சூடேறி வீங்கும் பாதத்துக்கு ஷார்க்கோ என்று பெயர். கவனிக்காமல் அதன்மேல் நடந்தால் பாதத்தின் வடிவமே உடைந்துபோகும்.

இவற்றுக்கெல்லாம் ஒரு வேலைநாளுக்குள் அனுப்ப வேண்டும், அடுத்த வேலைநாளுக்குள் தரம் பிரிக்க வேண்டும் என்பது நைஸ் விதி. போவது ஆஸ்பத்திரியின் பல்துறைப் பாதக் குழுவுக்கோ ஃபூட் புரொட்டெக்ஷன் சேர்விஸுக்கோ. அந்தக் குழுவில் நீரிழிவு வைத்தியர், பொடியாட்ரிஸ்ட், நீரிழிவுத் தாதி, இரத்தக்குழாய் அறுவை வைத்தியர், எலும்பு வைத்தியர், நுண்ணுயிரியல் நிபுணர் எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டும். ஜீ.பி. வரவேற்பில் 'அப்பொயின்ட்மென்ட் அடுத்த கிழமைதான்' என்றால், 'டயபெட்டிக் ஃபூட், ஆக்டிவ் ப்ரொப்ளம்' என்ற சொற்களை அப்படியே சொல்லுங்கள். காய்ச்சல், நடுக்கம், தசை கறுத்தல், பாதம் குளிர்ந்து நீலம் பாய்தல் இருந்தால் ஜீ.பி.யைத் தேட வேண்டாம், நேரே ஏ அண்ட் ஈ என்ற ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

7. கதவுக்கு உள்ளே யார்

முதல் தடவை பொடியாட்ரிஸ்ட் பார்ப்பார், பிறகு உதவியாளர் பார்க்கக்கூடும். அது ஏமாற்று அல்ல. உதவியாளர் எச்.சி.பி.சி.யில் பதிந்தவர் அல்லர். ஆபத்துக் குறைந்த வேலைகளைப் பொடியாட்ரிஸ்ட் அவருக்கு ஒப்படைக்கிறார், ஒப்படைத்த முடிவுக்குப் பொடியாட்ரிஸ்ட் பொறுப்பு. சம்பளப் படிநிலையைப் பார்த்தால் ஆளின் இடம் புரியும்: உதவியாளர் பெரும்பாலும் பான்ட் 3 அல்லது 4, புதிதாகப் பட்டம் பெற்றவர் 5, ஒரு துறையில் ஊன்றியவர் 6, சிக்கலான புண்களைப் பார்ப்பவர் 7, அதற்கு மேல் தலைவர்கள். பெயர் அட்டையைப் பார்த்து 'நீங்கள் பொடியாட்ரிஸ்டா, உதவியாளரா?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கருவிகள் நோயாளிக்கு நோயாளி கிருமியழித்ததாகவோ ஒருமுறை பாவிப்பதாகவோ இருக்கும், பொதி உங்கள் கண்முன்னே திறக்கப்படும். தசைக்குள் வளர்ந்த நகத்துக்குச் சிறு அறுவையும் இங்கேயே நடக்கும். ஊசி போட்டு விறைக்க வைத்து, நகத்தின் ஓரத்தை எடுத்து, திரும்ப முளைக்காதபடி வேரில் ஃபீனோல் என்ற இரசாயனம் தடவுவார்கள். அதே நாளில் வீட்டுக்கு வரலாம்.

வழக்கமாகப் போடும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள், கோயிலுக்குப் போடும் நல்ல சோடியை அல்ல. சப்பாத்தின் உட்பக்கத் தேய்மானம் அவர்களுக்கு நிறையச் சொல்லும். வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறோம், மிஞ்சி கழற்றுவதில்லை, குளிருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைக்கிறோம், றேடியேட்டரில் பாதத்தை வைத்துச் சூடேற்றுகிறோம் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். விறைத்த காலுக்கு இந்த ஊர்க் குளிர்காலத்தில் தீக்காயம் வருவது பெரும்பாலும் அந்தப் போத்தலாலும் றேடியேட்டராலும்தான். ஃபார்மசியில் வாங்கும் ஆணிப் பிளாஸ்டரையும் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் சலிசிலிக் அமிலம் இருக்கும், நீரிழிவுக் காலில் அது நல்ல தோலையும் அரித்துவிடும்.

8. விசிட் விசாவில் வந்த அம்மா, அப்பா

ஜீ.பி. பார்ப்பதற்கு எவருக்கும் கட்டணம் இல்லை. ஏ அண்ட் ஈ சிகிச்சைக்கும் இல்லை. ஆனால் வார்டில் அனுமதித்தால் அங்கிருந்து கணக்குத் தொடங்கும். 2017இலிருந்து பொடியாட்ரி போன்ற என்.எச்.எஸ். சமூகச் சேவைகளும் வெளிநாட்டார் கட்டண விதிக்குள் வந்துவிட்டன. அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்கூட்டியே, வழக்கமான விலையின் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். உடனடியாகத் தேவையான சிகிச்சையை மறுக்கமாட்டார்கள், பில் பிறகு வரும். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்படுமுன் அங்கேயே ஒருமுறை காலைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதியில் நீரிழிவை மறைக்க வேண்டாம்.

9. முறைப்பாடு

சேவை தாமதம், மரியாதைக் குறைவு என்றால் அந்த ஆஸ்பத்திரி அல்லது ட்ரஸ்டின் (அதை நடத்தும் என்.எச்.எஸ். நிறுவனத்தின்) பால்ஸ் என்ற நோயாளர் உதவிப் பிரிவு. எழுத்து மூலம் என்றால் நடந்து 12 மாதத்துக்குள். பதில் திருப்தியில்லையென்றால் ஒம்புட்ஸ்மன் என்ற சுயாதீன முறைப்பாட்டு விசாரணையாளர். தனி ஒரு பொடியாட்ரிஸ்டின் திறமையோ நடத்தையோ ஆபத்தானது என்றால் நேரே எச்.சி.பி.சி.யிடம். பதியாமல் 'பொடியாட்ரிஸ்ட்' என்று போர்ட் போட்டவரைப் பற்றியும் அங்கேதான் சொல்ல வேண்டும்.

10. இந்த வேலையில் சேர விரும்பினால்

ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில். 2017இல் இங்கிலாந்தில் படிப்புக்கான என்.எச்.எஸ். உதவித்தொகையை நிறுத்திக் கடனுக்கு மாற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாத தொழிலொன்றுக்கு அது நல்லதாக அமையவில்லை. 2020இலிருந்து, மாணவர் நிதியுதவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கு வருடம் 5,000 பவுண் திருப்பித் தரத் தேவையில்லாத உதவி வந்தது. பொடியாட்ரி போன்ற தட்டுப்பாட்டுப் பாடங்களுக்கு அதற்கு மேல் 1,000. நம் பிள்ளைகள் மருத்துவம், பார்மசி, பல் வைத்தியம் என்று மூன்றையே சுற்றுகிறார்கள்; உயிரியல் படித்து, கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் மூன்று வருடப் பட்டம், ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி. வேறு பட்டம் உள்ளவர்களுக்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் சில இடங்களில் உண்டு. எந்தப் பாடநெறியென்றாலும் எச்.சி.பி.சி. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பட்டம் இருந்தும் பதிய முடியாது. சில கிழமை ஒன்லைன் சான்றிதழ் யாரையும் பொடியாட்ரிஸ்ட் ஆக்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் படிப்பு நிற்காது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் 2.5 சதவீதம் பேரை எழுந்தமானமாகத் தெரிவுசெய்து, தொடர்கல்விக்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள்.

ஊரில் பிசியோதெரபியோ வைத்தியமோ படித்தவர்கள் அதை வைத்துப் பொடியாட்ரிஸ்டாகப் பதிய முடியாது, பொடியாட்ரியே படித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் அதைப் படித்தவர்கள் எச்.சி.பி.சி.யின் சர்வதேச வழியில் விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும்.

குடும்பப் பொறுப்போடு முழுநேரம் படிக்க முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது உதவியாளர் வேலை. வேலைபார்த்துக்கொண்டே, நிறுவனச் செலவில், சம்பளத்தோடு படிக்கும் பட்டப் பயிலுநர் வழி பிறகு அங்கிருந்து திறக்கலாம். என்.எச்.எஸ். ஜொப்ஸ் தளத்தில் 'பொடியாட்ரி அசிஸ்டன்ட்' என்று தேடி, புது விளம்பரம் வந்தால் மின்னஞ்சல் வரும்படி பதிந்து வையுங்கள். போதிய விண்ணப்பம் சேர்ந்ததும் குறித்த திகதிக்கு முன்பே விளம்பரத்தை மூடிவிடுவார்கள். கடைசி நாள்வரை வைத்திருக்காமல், கண்ட அன்றே அனுப்பிவிடுங்கள்.